கொன்டெய்னரின் நிழல்

பின்னேரம் மூன்று மணி. பேலியகொடைப் பக்கமிருந்து நகருக்குள் வரும் வாகனங்கள் ஒருகொடவத்தைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கின்றன. வெயில் கடல் பக்கமிருந்து சரிந்து அடிக்கிற நேரம். வரிசையில் ஒரு நாற்பதடிக் கொன்டெய்னர் நின்றால் அதன் இடப்பக்கத்தில் சுவர் எழுப்பியதுபோல நிழல் விழும். ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஊற்றிக்கொண்டிருக்கும் பைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்த நிழலுக்குள் ஒதுங்குவார்கள். கொழும்பில் பைக் ஓடுகிற எவரும் அந்த நிழலில் நின்றிருப்பார்கள். நானும் எத்தனையோ வருசம் நின்றிருக்கிறேன்.

போன மாதம் அப்படி ஒதுங்கியவர்களில் ஒருவன் என் அக்காவின் மகன். ஹற்றனிலிருந்து வந்து எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் தங்கி சாப்பாடு டிலிவரி செய்கிறான். நான் எதிர்ப்பக்க வரிசையில் நின்றதால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முதுகில் பெட்டி, ஹேண்டிலில் மாட்டிய போனில் கண், இடது கால் நடைபாதை விளிம்பில். வலது தோளுக்கு ஒரு முழத்தில் பிரைம்மூவரின், அதாவது ட்ரெய்லரை இழுக்கிற முன்வண்டியின், பின்சில்லு. பச்சை விழுந்தது. அந்தக் கொன்டெய்னர் கொலன்னாவைப் பக்கம் திரும்ப வேண்டியது. அவ்வளவு நீளத்தை இடப்பக்கம் மடக்குவதற்கு முதலில் வலப்பக்கம் விலக்கி எடுக்க வேண்டும். சாரதியும் விலக்கி எடுத்தார். இடப்பக்கம் ஒரு பாதை திறந்ததுபோல இருந்தது. மருமகன் பைக்கை அதற்குள் விட்டான்.

முன்பகுதி திரும்பி முடிந்து, ட்ரெய்லரின் பின்சில்லுகள் மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கியபோது அவன் ட்ரெய்லரின் நடுவுக்கு நேரே இருந்தான். எனக்குத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. எப்படியோ நடைபாதையில் ஏற்றிவிட்டான். பெட்டி கம்பத்தில் இடித்துச் சரிந்தது. கொன்டெய்னர் நிற்காமல் திரும்பிப் போனது. நின்றிருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அப்படி ஒருவன் அங்கே இருந்ததே அந்தச் சாரதிக்குத் தெரியாது.

இரவு சோறு சாப்பிடும்போது கேட்டேன். "கேப் இருந்துச்சு மாமா, அதான் போனேன்" என்றான். "அதுக்கு முன்னாடி ஏன்டா அங்க நின்ன?" என்றேன். "நெழலு இருந்துச்சு."

அவன் மோசமாக ஓடுகிறவன் இல்லை. மலைநாட்டு வளைவுகளில் மழைக்குள் பைக் பழகியவன். பனிமூட்டத்தில் பஸ்ஸுக்கு வழிவிடத் தெரியும். ஆனால் கொன்டெய்னர்களோடு அவன் வளரவில்லை. அந்த இரவிலிருந்து அவனுக்கு நான் சொல்லிவருவதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப்போல நிறையப் பிள்ளைகள் இந்த நகரத்துக்குப் பைக்கோடு வந்திருக்கிறார்கள். இலங்கையில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வீதி விபத்தில் சாகிறார்கள், அதில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

நான் இருபத்திரண்டு வருசமாக வார்ப் கிளார்க். துறைமுகத்தில் பத்திரம் காட்டி, சுங்கத்தில் சாமான் எடுத்து, கொன்டெய்னர் ஏற்றி, அது ஸ்டோர்ஸுக்குப் போய் இறங்கும்வரை பைக்கில் பின்னாலேயே போவது என் தொழில். கொழும்புத் துறைமுகம் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொன்டெய்னர்களை, இருபதடிக் கணக்கில், கையாளுகிறது. அதில் பெரும்பகுதி கப்பல் மாறிக் கடலோடு போய்விடும். மிச்சம் வெளியே வரும் பங்கே எங்கள் வீதிகளை நிறைக்கப் போதும்.

எல்லாக் கொன்டெய்னரும் ஒன்றுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் உயரம் ஒன்றல்ல. சாதாரணப் பெட்டி எட்டரை அடி. ஹைகியூப் என்கிற பெட்டி ஒன்பதரை அடி, அதாவது 2.9 மீற்றர். பெட்டியின் கதவில் ஒரு குறியீடு எழுதியிருக்கும்: 42ஜி1 அல்லது 45ஜி1. முதல் 4 என்றால் நாற்பதடி நீளம். அடுத்த இலக்கம் உயரத்தைச் சொல்வது. 2 என்றால் எட்டரை, 5 என்றால் ஒன்பதரை. ஹைகியூப்பின் மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு அடித்திருப்பார்கள். ட்ரெய்லரின் தட்டே தரையிலிருந்து நாலடிக்கு மேல். கூட்டிப் பார்த்தால் ஒரு ஹைகியூப் வண்டியின் தலை பதின்மூன்றரை, பதினான்கு அடிக்குப் போகும். அந்த ஒரு அடி வித்தியாசத்தைத்தான் என் உடம்பில் வாங்கினேன். அதைச் சொல்வதற்கு முன் வேறொன்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நான்கு மணித்தியாலம் காத்திருக்க வேண்டி வந்தது. கிராண்ட்பாஸைச் சேர்ந்த மூத்த சாரதி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மேல ஏறி என்ட சீட்டுல ஒருக்கா இருங்க" என்றார். ஏறினேன். மூன்று படி. இருந்து பார்த்தால் உலகம் கீழே போய்விட்டது. ஓட்டோக்களின் கூரைதான் தெரிந்தது. அவர் கிளீனர் பையனிடம் என் பைக்கின் சாவியைக் கொடுத்து, முன் பம்பருக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். பையன் உருட்டிக்கொண்டு போனான், கண்ணாடிக்குக் கீழே இறங்கினான், காணவில்லை. எட்டிப் பார்த்தேன். அவனுடைய தொப்பியின் நுனிகூட இல்லை. பிறகு இடது கதவுக்குக் கீழே போனான். இடப்பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் நீளச் சுவர்தான் தெரிந்தது, அவன் இல்லை. பிறகு ட்ரெய்லருக்கு நேர் பின்னால் போய் நின்று ஹோர்ன் அடித்தான். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. என் பைக்கை நானே தேடினேன். ஒரு வண்டி நீளத்துக்குள் இருக்கிற என் சொந்த பைக்கை.

நம் நாட்டில் சாரதி வலப்பக்கம் இருப்பவர். வலப்பக்கக் கதவுக்கு அருகே நிற்பவனை அவர் தலையைத் திருப்பினால் காணலாம். இடப்பக்கம் அவருக்குக் கண்ணாடி காட்டுவது மட்டும்தான், அதுவும் வண்டி நேராக நிற்கும்போது. திரும்பத் தொடங்கியதும் இடக்கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கவாட்டுத் தகரம் முழுவதுமாக வந்து மறைத்துக்கொள்ளும். பின்னேரத்தில் நகருக்குள் வரும் வரிசையில் நிழல் விழுவதும் அதே இடப்பக்கத்தில். எங்களைக் கூப்பிடுகிற இடமும் சாரதிக்குத் தெரியாத இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

இறங்கும்போது அவர் சொன்னார்: "என்ட கண்ணாடியில நீங்க என்ட மூஞ்சியப் பாக்கணும். எனக்கு உங்கட மூஞ்சி தெரியுறது அப்பதான். என்ட கண்ணாடி தெரியாத இடத்துல நீங்க இருந்தா, எனக்கு நீங்க இல்ல தம்பி." அன்றிலிருந்து கொன்டெய்னருக்குப் பின்னால் போகும்போது நடுவில் போவதில்லை. வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, சாரதியின் கண்ணாடிக்குள் அவர் முகம் வரும் தூரத்துக்குப் பின்வாங்கிக்கொள்வேன். அப்படிப் பின்வாங்கினால் அவருக்கு முன்னால் இருக்கிற வீதியும் கொஞ்சம் தெரியும். ஒட்டிப் போகிறவனுக்குத் தெரிவது பெட்டியின் கதவு மட்டும்தான்.

இப்போது பாலத்துக்கு வருகிறேன்.

களனி ஆற்றுக்கு அப்பால் ஒரு கிளை வீதி. அதன் நடுவில் ரயில் பாதை குறுக்கே போகிற பழைய இரும்புப் பாலம். கீழே ஒரு வண்டி போகும் அகலம். எங்கள் ஸ்டோர்ஸ் அதற்கு அந்தப் பக்கம். பன்னிரண்டு வருசத்துக்கு முன், மார்கழியில் ஒருநாள் காலை ஒரு ஹைகியூப்போடு போனோம். பெட்டி நிறையச் சாமான். பாலத்துக்கு முன்னால் சாரதி நிறுத்தினார். கிளீனர் பையன் இறங்கிப் போய்ப் பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். "வா, வா, வா" என்று கையசைத்தான். பெட்டியின் தலைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை, நாலு விரல் இருந்தது. ஆனால் போய்விட்டது. நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

பின்னேரம் நான்கு மணிக்குப் பெட்டியை வெறுமையாக்கி அதே வழியில் திரும்பினோம். அதே பெட்டி, அதே வண்டி, அதே பாலம். காலையில் போனதுதானே என்று யாரும் இறங்கவில்லை. நான் பின்னால் ஏழெட்டு மீற்றர் தூரத்தில் வந்தேன். என் பையில் இருந்த பத்திரத்தில் 45ஜி1 என்று எழுதியிருந்தது. அன்று காலையில் அதை மூன்று இடத்தில் காட்டி முத்திரை வாங்கியவன் நான்.

இருபது தொன் சாமான் ஏறியிருந்தபோது வில்லுத் தகடுகள் நசுங்கி ட்ரெய்லர் தாழ்ந்து இருந்தது. இறக்கியதும் வில்லு நிமிர்ந்து எழுந்துவிட்டது. டயரும் கொஞ்சம் உப்பிக்கொண்டது. காலையில் இருந்த நாலு விரலை அது தின்றுவிட்டது. பாரத்தோடு போன வண்டி வெறுமையாகத் திரும்பும்போது மாட்டுப்படும் என்பது அதற்குப் பிறகு எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். அதற்கு முன் ஒருவரும் சொல்லவில்லை.

நான் கேட்டது இடி விழுந்த சத்தம். கண்ணுக்கு முன்னால் இருந்த பெட்டியின் கதவு சட்டென்று பெரிதானது. அவ்வளவுதான் நினைவு. பிரேக் லைட் எரியவில்லை. இதை நான் பல இரவு யோசித்திருக்கிறேன். சாரதி பிரேக்கை மிதித்தால்தானே லைட் எரியும்? அவர் மிதிக்கவில்லை, பாலம் நிறுத்தியது. லொறிக்குப் பின்னால் போகிறவன் எதை நம்பி ஓடுகிறான்? சிவப்பு லைட் எரிந்தால் பிரேக் பிடிக்கலாம் என்று நம்பி ஓடுகிறான். அந்த லைட் எரியாமலே நிற்கக்கூடிய ஒரு வண்டிக்குப் பின்னால்தான் நான் தினமும் போய்க்கொண்டிருந்தேன்.

முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தேன். வீதியில் மணல். முன்சில்லு வழுக்கி பைக் இடப்பக்கம் விழ, நான் அதோடு இழுபட்டு ட்ரெய்லரின் வாலுக்கு அடியில் போனேன். ஹேண்டில் ட்ரெய்லரின் இரும்பில் முட்டி நின்றது. விழாமல் இருந்திருந்தால் அந்த இரும்பு என் கழுத்துக்கு நேரே இருந்தது. முழங்காலும் தோள்பட்டை எலும்பும் போயின.

மல்லாந்து கிடந்தபடி நான் பார்த்த ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். ட்ரெய்லரின் நாலு மூலையிலும் பெட்டியைப் பூட்டும் ஒரு பூட்டு இருக்கும், ட்விஸ்ட்லொக் என்போம். தட்டுக்கு மேலே கூம்புபோல ஒரு தலை, பெட்டியின் மூலைத் துளைக்குள் நுழையும். கீழே ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் தலை குறுக்கே திரும்பிப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கத்துப் பூட்டுகள் இரண்டும் உடைந்திருந்தன. பெட்டியின் முன் மேல் விளிம்பு பால்மா டின்னைப்போல உள்ளே மடிந்திருந்தது. முழுப் பெட்டியும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பின்பக்கப் பூட்டு இரண்டிலும் தொங்கிக்கொண்டிருந்தது. என் தலைக்கு நேர்மேலே இருந்த கைப்பிடி வளைந்திருந்தது. கிரீஸும் மண்ணும் ஒட்டிய ஒரு சாண் நீள இரும்பு. வளைந்திருந்தாலும் குறுக்கே திரும்பிய நிலையில்தான் இருந்தது. வெறும் நாற்பதடிப் பெட்டியின் எடை நாலு தொன்.

வெறும் பெட்டிதானே என்று பூட்டாமல் வருகிறவர்கள் உண்டு. பெட்டி கவிழ்ந்தால் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கக்கூடாது என்று வேண்டுமென்றே திறந்து விடுகிறவர்களும் உண்டு. அன்று ஸ்டோர்ஸில் அந்தக் கிளீனர் பையன் சோம்பல்படாமல் நாலு மூலைக்கும் போய்ப் பூட்டியிருந்தான். அவனுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இறங்கிப் பார்க்காததற்கு மன்னிப்புக் கேட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைதான் பூட்டிய கை.

மருமகன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு தன் போனில் ஒரு வீடியோ எடுத்துக் காட்டினான். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம். பதினோரு அடி எட்டு அங்குலம். உயரமான லொறிகள் வந்து வந்து முட்டும், கூரை வாழைப்பழத் தோல்போல உரிந்து வரும். உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். பாலத்துக்கு முன்னால் ஒரு பெரிய இரும்பு உத்தரம் வைத்திருக்கிறார்கள், அடியை அது வாங்கிக்கொள்ளும், ரயில் பாதை தப்பும். உயரமான வண்டி வந்தால் சிக்னலைச் சிவப்பாக்கி, எச்சரிக்கைப் பலகையையும் எரியவைக்கிற கருவி இருக்கிறது. வீதியைத் தாழ்த்த முடியவில்லை, அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய் போகிறது. 2019இல் பாலத்தையே எட்டு அங்குலம் உயர்த்தினார்கள், பன்னிரண்டு அடி நாலு அங்குலம் ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் முட்டுகிறார்கள். மெல்பேர்ண் நகரிலும் மூன்று மீற்றர் உயரத்தில் ஒரு பாலம் இதே பெயரெடுத்திருக்கிறது.

மருமகன் பார்த்தது லொறியை. நான் அதற்குப் பின்னால் வருகிறதைப் பார்த்தேன். உரிந்த தகரம் பின்னால் விழும்போது அங்கே ஒரு கார் நிற்கும். காருக்குக் கூரையும் கதவும் உண்டு. "அந்த எடத்துல உன் பைக்க வச்சிப் பாரு" என்றேன். அடுத்த வீடியோவை அவன் போடவில்லை.

அவ்வளவு வசதியுள்ள நாட்டிலே கருவியும் பலகையும் சிக்னலும் இருந்தும் சாரதிகள் முட்டுகிறார்கள் என்றால், மழையில் மங்கிய இலக்கத்தை நம்பி நாம் ஓட முடியாது. எங்கள் பாலத்தில் எழுதியிருந்த உயரம் ஒரு காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். அதன் பிறகு வீதிக்கு இரண்டு முறை காபட், அதாவது புதுத் தார்ப் படை, போட்டார்கள். ஒவ்வொரு முறையும் வீதி மேலே ஏறியது, பாலம் அப்படியே இருந்தது, இலக்கத்தை யாரும் திருத்தவில்லை. கண்டி வீதியில் கடுகண்ணாவையில் ஆங்கிலேயர் காலத்தில் பாறையைக் குடைந்து போட்ட வழியைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுவண்டிக்கு அளவெடுத்த துளை அது. இன்று பெரிய வண்டிகளுக்குப் பக்கத்தில் வேறு வழி இருக்கிறது. அப்படி வேறு வழி இல்லாத எத்தனையோ துளைகளுக்குள் நாங்கள் ஒன்பதரை அடிப் பெட்டியைக் கொண்டுபோகிறோம்.

தூரத்தைப் பற்றி அவனுக்கு நான் சொன்ன கணக்கு இது. 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் 14 மீற்றர் போகிறாய். கண் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன். பிறகு நல்ல டயர், காய்ந்த வீதி, பதறாத கை எல்லாம் சேர்ந்தாலும் நிற்க இன்னொரு 14 மீற்றர். நாற்பதடிப் பெட்டி பன்னிரண்டு மீற்றர். அதாவது இரண்டு பெட்டி நீளத்துக்கு மேல் இடைவெளி வேண்டும். அவ்வளவு விட்டால் நடுவில் நாலு ஓட்டோ நுழையும் என்றான். நுழையும்தான். நுழைந்தால் இன்னும் கொஞ்சம் பின்வாங்கு என்றேன். டிலிவரி பிந்தினால் காசு குறையும் என்றான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. குறையும்தான்.

பாலம் மட்டும் இல்லை, கொழும்பில் தலைக்கு மேலே குறுக்கே போவது எவ்வளவு? டெலிபோன் வயர், கேபிள் டிவி வயர், வெசாக் காலத்தில் தோரணம், தேர்தல் வந்தால் கொடி. தொய்ந்த வயர் ஒன்றை ஹைகியூப்பின் மூலை மாட்டி இழுத்துக்கொண்டு போகும். இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் மூலையை விட்டுக் கழன்று சவுக்குப்போலத் திரும்பும். திரும்பி அடிக்கும் உயரம் பைக்கில் இருப்பவனின் கழுத்து உயரம். இதை நான் ஆமர் வீதிப் பக்கம் ஒருமுறை கண்ணால் கண்டேன். நல்லகாலம், பின்னால் வந்தது ஒரு வேன். வயர் அதன் முன்கண்ணாடியில் போட்ட கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஆடிவேலுக்கு செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் புறப்படும்போது நான் சின்ன வயசிலிருந்து ஒரு ஆளைத்தான் பார்ப்பேன். இரதத்துக்கு முன்னால் நீளமான கவைக்கம்போடு நடப்பவர். மற்ற எல்லாரும் வேலைப் பார்த்துக் கும்பிடுவார்கள், அவர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார். வயர் வந்தால் கவையில் தூக்கிப் பிடிப்பார், இரதம் அடியில் போகும், இறக்கிவிட்டு அடுத்த வயருக்கு ஓடுவார். இரதத்தின் உயரம் அவருக்கு மனப்பாடம். நேற்றுப் போன தெருவாக இருந்தாலும் இன்றும் அண்ணாந்து பார்ப்பார். அன்று காலை எங்கள் கிளீனர் பையன் செய்தது அந்த வேலைதான். பின்னேரம் அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போனது.

அதனால் மருமகனிடம் சொன்னேன், லொறிக்காரனுக்கு அண்ணாந்து பார்க்க ஆள் இல்லையென்றால் நீ பார். முன்னால் போவது உயரமான வண்டி என்றால் அதன் கதவைப் பார்த்துக்கொண்டு போகாதே, அது எதற்கு அடியில் நுழையப் போகிறது என்று பார். பாலமோ வயரோ மரக்கிளையோ தெரிந்தால் நின்றுவிடு. வண்டி முழுதாக அந்தப் பக்கம் போய் முடியட்டும். அரை நிமிடம். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. தென்மேல் பருவக்காற்று நேரத்தில் களனி ஆற்றைக் கடந்து நகருக்குள் வரும்போது கொன்டெய்னர் உன் வலப்பக்கம் போனால் காற்று நின்றதுபோல இருக்கும். அது உன்னைத் தாண்டியதும் கடல்காற்று மொத்தமாக வந்து தள்ளும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஹேண்டிலைத் தளர்வாகப் பிடி. ரீபில்ட் டயர், அதாவது தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டியது, வெடித்தால் பட்டை பட்டையாகப் பறக்கும், ட்ரெய்லர் டயருக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்காதே. தாண்டுவதென்றால் வலப்பக்கத்தால் ஒரேயடியாகத் தாண்டு, பாதியில் யோசிக்காதே. மழையில் லொறிக்குப் பின்னால் ஒதுங்கினால் நனையாது என்று நினைக்காதே, சில்லு அடிக்கிற சேற்றுத் தண்ணீரில் கண் போய்விடும். ஹெல்மெட் எஸ்.எல்.எஸ் என்கிற இலங்கைத் தர முத்திரை உள்ளதாக வாங்கு. அவன் பழைய ஹெல்மெட்டின் முன்தட்டு கீழே தொங்கி மேல்பார்வையை மறைத்தது, அதை நானே மாற்றிக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனை அந்தப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வருசத்தில் நான் அந்தப் பக்கம் வேலையாகப் போயிருக்கிறேன், ஆனால் இறங்கி நின்று பார்த்ததில்லை. இரண்டு பைக்கையும் ஓரமாக நிறுத்திவிட்டு அடியில் போய் அண்ணாந்து பார்த்தோம். உத்தரத்தின் கீழ் விளிம்பு முழுக்கச் சிராய்ப்பு. ஒவ்வொரு சிராய்ப்பிலும் ஒட்டியிருந்த பெயின்ட் வேறு வேறு நிறம். நீலம், செம்மண் நிறம், பச்சை, ஒரு இடத்தில் வெள்ளை. சில பழையவை, துருவேறியவை. சில போன மாதத்துச் சிராய்ப்புப்போல மினுங்கின.

"இதுல நம்மளோடது எது மாமா?" என்று கேட்டான்.

எங்கள் பெட்டி நீலம். நீலத்தில் ஏழெட்டுக் கோடு இருந்தது. வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, ஆணித்தலை நசுங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைக் காட்டினேன். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது தூரத்தில் ஹோர்ன் சத்தம். ஒரு நாற்பதடி வந்துகொண்டிருந்தது. பைக்குகளை இன்னும் பின்னுக்குத் தள்ளினோம். மருமகன் கண்ணைச் சுருக்கிப் பெட்டியின் மேல் மூலையைப் பார்த்தான்.

"கோடு இருக்கு மாமா," என்றான். "மஞ்சளும் கறுப்பும்."

வண்டி பாலத்துக்கு முன்னால் நின்றது. இடது கதவு திறந்து ஒரு பையன் கீழே குதித்தான்.